பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்தல்: ஸ்கெலட்டனில் எழுந்த வழக்கும் அதில் நான் கற்ற பாடமும்



இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக யார் வர வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் கடைசி வாரத்தில், எங்கள் ஊரில் நான்கு மாலைகள் வழக்காடினோம். ஊர் என்று நான் சொல்வது கோலார் தங்கவயலில் உள்ள ஸ்கெலட்டன். ஒரு வாரம் வீட்டில் தங்கச் சென்றிருந்த நான், அந்த நான்கு மாலைகளும் தேநீர்க் கடை வாயிலில் ஒரு கட்சியில் நின்று உரக்கப் பேசினேன். பேசியவற்றுள் பாதி பிழை என்பதைப் பின்னர் உணர்ந்தேன். ஒருவரை ஒரு பணிக்குத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி நாம் எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதை அந்தப் பிழையின் வாயிலாகவே கற்றேன். அதைப் பாடமாக எழுதுமாறு மன்றத்து நண்பர்கள் கேட்டனர், எழுதுகிறேன்.

வழக்கு எழுந்த கதை

தங்கவயலில் கால்பந்து புதிய பொருளன்று. சுரங்கம் நடந்த காலத்துப் பெரியவர்கள் ஷிப்டு முடித்து வந்து ஆடியதையும் பார்த்ததையும் இன்றும் சொல்லுவார்கள். சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அதன் பின் எங்கள் இளைஞர் பலர் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். கண்டீரவா அரங்கில் பெங்களூர் அணி ஆடும் நாள்களில் அவர்களுள் சிலர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு சேர்வதும் உண்டு. ஆகவே பயிற்சியாளர்களைப் பற்றிய பேச்சு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

நிகழ்ந்தது இது. குரோஷிய நாட்டவரான இகோர் ஸ்டிமாச் 2019 முதல் இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தார். 2021இலும் 2023இலும் தெற்காசியப் போட்டியில் இந்தியா வென்றது அவர் காலத்தில்தான். ஆனால் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மார்ச்சுத் திங்களில் குவாகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2 என்று தோற்றது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் முன்னேற இயலவில்லை. 2024 ஜூன் 17ஆம் நாள் அவர் நீக்கப்பட்டார்.

அடுத்து வந்தவர் ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ். அப்போது அவர் கோவா அணிக்கும் பயிற்சியாளர். இரு பணிகளையும் ஒருவரே பார்ப்பது என்று ஏற்பாடு. அவர் காலத்தில் இந்தியா ஆடிய ஆட்டங்கள் 8, வென்றது ஒன்றே. 2025 ஜூலைத் தொடக்கத்தில் அவர் விலகினார். சம்மேளனம் விண்ணப்பம் கோரியது. 170 பேர் விண்ணப்பித்தனர். ஐ. எம். விஜயன் தலைமையில் அமைந்த தொழில்நுட்பக் குழு அவர்களுள் மூவரைத் தெரிந்தெடுத்தது. ஒருவர் இந்தியராகிய காலித் ஜமீல். மற்றொருவர் முன்பே இரு முறை இந்திய அணிக்குப் பயிற்சி அளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். மூன்றாமவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெபான் தார்க்கோவிச்.

இம்மூவருள் எவர்? இதுவே வழக்கு.

நம்மவரா, அயலவரா?

முதல் மாலையில் வாதம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சுழன்றது. 2011-12இல் சாவியோ மெடீரா பணியாற்றிய பின், 13 ஆண்டுகளாக இந்தியர் எவரும் முழுநேரப் பயிற்சியாளராக அமர்த்தப்படவில்லை. "நம்ம ஆளுக்கு ஒரு தடவை கொடுத்துத்தான் பாருங்களேன்" என்றது ஒரு கட்சி. "நம்ம ஆள் என்பதற்காகக் கொடுத்தால் ஜப்பான்காரன் கோல் போடாமல் விட்டுவிடுவானா?" என்று கேட்டது மறு கட்சி. நான் மறு கட்சியில் இருந்தேன். தார்க்கோவிச் 2021இல் நடந்த ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவாக்கிய அணியை நடத்தியவர்; ஐரோப்பாவின் பெரிய மேடையைக் கண்டவர். அவரை விட்டு வேறொருவரா என்பது என் வாதம்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. 1880 முதல் தங்கச் சுரங்கங்களை நடத்தியது ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி. மேலே ஆணையிட்டவர் வெள்ளையர். கீழே இறங்கிப் பாறையை உடைத்தவர் பெரும்பாலும் தமிழர். 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மைய அரசின் பொறுப்பில் சேர்ந்தன. ஆகவே "அயல்நாட்டு நிபுணர்" என்னும் சொல்லைக் கேட்டவுடன் எங்கள் பெரியவர்களின் நினைவு எங்கெங்கோ செல்லும்.

அன்று கடை வாயிலில் இருந்த முதியவர் ஒருவர் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். நாங்கள் இரு கட்சியாகக் கூவுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, துரை நல்லவனா நம்ம ஆபீசர் நல்லவனா என்று எங்கள் அப்பா காலத்திலேயே சண்டை. எங்களுக்கு ஒன்றுதான் கணக்கு. அவன் கீழே இறங்கி வந்து பார்ப்பானா, மேலே உட்கார்ந்து மேப்பைப் பார்த்துச் சொல்வானா?" என்றார்.

கேட்டவர்கள் கை தட்டினர். ஆனால் என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அதற்கும் ஒரு மறுப்புச் சொன்னான். "கீழே இறங்கினால் மட்டும் போதுமா தாத்தா? மேலே பாறை பிளந்து நிற்கும்போது எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா?" முதியவர் சிரித்து, "அதுவும் சரிதான்" என்றார்.

நண்பர்களே, இவ்விரண்டு சொற்களிலும் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. களத்தை அறிந்திருப்பது ஒரு தகுதி. தொழிலை அறிந்திருப்பது மற்றொரு தகுதி. பிறந்த நாடு இவ்விரண்டில் எதுவும் அன்று. அயலவர் ஒருவர் பல ஆண்டு இங்கே வாழ்ந்து களத்தை அறிந்திருக்கலாம். நம்மவர் ஒருவர் தொழிலை ஆழக் கற்றிருக்கலாம். "நம்மவரா, அயலவரா" என்று கேட்கும்போது, விடை காண எளிதான கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடினமான கேள்வியைத் தவிர்த்துவிடுகிறோம்.

வினை, கருவி, ஆள்

கடினமான கேள்வி எது? அதைத் தமிழ் மாணவர் வேறெங்கும் சென்று தேட வேண்டியதில்லை. திருவள்ளுவர் பொருட்பாலில் 51ஆம் அதிகாரத்திற்குத் தெரிந்து தெளிதல் என்றும், 52ஆம் அதிகாரத்திற்குத் தெரிந்து வினையாடல் என்றும் பெயர் உள்ளது. இரண்டும் ஆளைத் தேர்ந்தெடுத்துப் பணியில் அமர்த்துவதைப் பற்றியவை. பின்னதில் வள்ளுவர் மூன்றைத் தனித்தனியே பிரித்து ஆராயச் சொல்கிறார்: செய்ய வேண்டிய வினை யாது, அதை முடிக்கும் கருவி யாது, அதனைக் கொண்டு முடிக்க வல்லவன் யார். மூன்றையும் பொருத்திப் பார்த்த பின் பணியை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது அவர் கருத்து.

இங்கே வரிசையைக் கவனிக்க வேண்டும். வினை முதலில் நிற்கிறது. ஆள் கடைசியில் வருகிறான். நாங்களோ ஆளிலிருந்து தொடங்கினோம். "யார் பெரியவர்?" என்று கேட்டோமே அன்றி, "எதற்கு?" என்று கேட்கவில்லை.

2025 ஜூலையில் வினை என்னவாக இருந்தது? 2027 ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியா இரண்டு ஆட்டங்கள் ஆடி முடித்திருந்தது. வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1 தோல்வி. கையில் ஒரே புள்ளி. எஞ்சியவை நான்கு ஆட்டங்கள். ஆகஸ்டு இறுதியில் மத்திய ஆசிய நாடுகளின் போட்டி வேறு. அஃதாவது, புதிதாக வருபவருக்கு ஆட்டக்காரர்களின் பெயரைக் கற்கவும் காலம் இல்லை. பத்தாண்டுத் திட்டம் தீட்டுவது அப்போதைய வினை அன்று. நான்கு வாரத்தில் ஓர் அணியைக் களத்தில் நிறுத்துவதே வினை.

கருவி என்னவாக இருந்தது? பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், தம் 40ஆம் வயதில், மீண்டும் அழைக்க நேர்ந்தது. கோல் அடிக்க வல்ல முன்கள ஆட்டக்காரர் நம்மிடம் குறைவு என்பதற்கு வேறு சான்று வேண்டா. போதாததற்கு, 2025 ஜூலை 11ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீக் போட்டியே காலவரையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. ஆட்டம் இன்றி ஆட்டக்காரர் கூர்மை பெறுவது எப்படி? உலகத் தரவரிசையில் இந்தியா அப்போது 133ஆம் இடத்தில் இருந்தது.

இவற்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஆளைப் பார்ப்போம்.

காலித் ஜமீல் 2016-17இல் ஐசால் என்னும் சிறிய மிசோரம் அணியை நடத்தி, பெரிய அணிகளை எல்லாம் தாண்டி ஐ-லீக் பட்டத்தை வென்றவர். சூப்பர் லீக் அணி ஒன்றுக்கு நிலையான தலைமைப் பயிற்சியாளராக அமர்ந்த முதல் இந்தியர். 2025இல் ஜாம்ஷெட்பூர் அணியின் பயிற்சியாளர். குறைந்த கருவியைக் கொண்டு வினை முடித்த பழக்கம் உடையவர். ஆட்டக்காரர்களை நாள்தோறும் கண்டவர். அவருக்கு இல்லாதது, ஒரு நாட்டின் தலைமை அணியை நடத்திய பட்டறிவு.

கான்ஸ்டன்டைன் 2002 முதல் 2005 வரையிலும், 2015 முதல் 2019 வரையிலும் இந்திய அணியுடன் இருந்தவர். இரண்டாம் முறை வந்தபோது இந்தியா தரவரிசையில் 170ஐத் தாண்டிக் கிடந்தது. அவர் காலத்தில் 100க்குள் வந்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்றதும் அவர் அணியே. பின்னர் பாகிஸ்தானுக்குச் சென்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அந்நாடு தன் முதல் வெற்றியை 2023இல் பெறச் செய்தார். தரவரிசையில் தாழ்ந்த நாடுகளை நடத்துவதில் தேர்ந்தவர். ஆனால் இந்தியாவை விட்டுச் சென்று ஆறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆட்டக்காரருள் பலர் புதியவர்.

தார்க்கோவிச் ஸ்லோவாக்கியாவுக்குப் பின் கிர்கிஸ்தான் அணியையும் நடத்தினார். 2024 ஜனவரியில் நடந்த ஆசியக் கோப்பையில் அவ்வணியுடன் இருந்தார். ஆசியாவையும் ஐரோப்பாவையும் அறிந்தவர். இந்தியக் களத்தை மட்டும் அறியாதவர்.

நீண்ட கால வினையாக இருந்தால் என் வாதத்திற்கு இடம் உண்டு. நான்கு வார வினைக்கு, கற்கவே மூன்று திங்கள் தேவைப்படும் ஒருவரை நான் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாலையில் இதை ஒப்புக்கொண்டேன். நண்பர்கள் எனக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தனர்.

ஒரே மனிதர், இரு பணிகள்

வினையும் கருவியும் எவ்வளவு முதன்மையானவை என்பதற்கு மார்க்கெஸ் கதையே சிறந்த எடுத்துக்காட்டு. 2024-25 பருவத்தில் கோவா அணி அவர் கீழ் லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. 2025 மே திங்களில் சூப்பர் கோப்பையை வென்றது. அதே பருவத்தில் இந்திய அணியோ அவர் கீழ் மாலத்தீவு ஒன்றை மட்டுமே வென்றது. மனிதர் ஒருவரே. அறிவும் ஒன்றே. கோவாவில் நாள்தோறும் பயிற்சி, விரும்பிய அயல்நாட்டு ஆட்டக்காரர், நீண்ட பருவம். நாட்டின் அணியிலோ சில நாள் முகாம், கிடைத்த ஆட்டக்காரர், உடனே ஆட்டம்.

ஆகவே "அவர் அங்கே வென்றாரே, இங்கே ஏன் வெல்ல மாட்டார்?" என்று கேட்பவர்க்கு நாம் சொல்ல வேண்டிய விடை: அங்கே இருந்த வினையும் கருவியும் இங்கே உள்ளனவா என்று முதலில் பாருங்கள்.

பெயர் மயக்கம்

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஸ்பெயினின் புகழ் பெற்ற சாவி எர்னாண்டஸ் இந்தியப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பித்தார் என்றும், அவர் கேட்கும் ஊதியம் தர இயலாமையால் ஒதுக்கப்பட்டார் என்றும் செய்தி பரவியது. ஸ்கெலட்டனில் அன்று மாலை வேறு பேச்சே இல்லை. "பணத்தைத் திரட்டியாவது அவரைக் கொண்டுவர வேண்டும்" என்று ஒருவர் சொன்னார், நாங்களும் தலையசைத்தோம். மறுநாளே சம்மேளனம் அறிக்கை வெளியிட்டது: சாவி பெயரிலும் பெப் குவார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்களை உறுதி செய்ய இயலவில்லை, அவை உண்மையானவை அல்ல என்பது பின்னர்த் தெரிந்தது என்று.

நாங்கள் வெட்கப்பட்டோம். ஆனால் வெட்கப்பட வேண்டியது பொய்ச் செய்தியை நம்பியதற்காக மட்டுமன்று. அது மெய்யாகவே இருந்திருந்தாலும் எங்கள் தலையசைப்பு பிழைதான். சாவிக்கு நாட்டணி நடத்திய பழக்கம் உண்டா, இந்த நான்கு ஆட்டங்களுக்கு அவர் என்ன செய்வார் என்று எங்களுள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயரின் பேரொளியில் வினை மறைந்துபோயிற்று.

வெற்றி தோல்விக் கணக்கு

இனி, சற்று நுட்பமான ஒன்று. பயிற்சியாளரை மாற்றினால் அணி முன்னேறுமா? பெரும்பாலோர் "ஆம்" என்பர். மாற்றிய பின் அணி வென்றதைக் கண்ணால் கண்டேன் என்பர்.

நெதர்லாந்துப் பொருளியலறிஞர் பாஸ் டெர் வேல் இதை ஆராய்ந்தார். 1986 முதல் 2004 வரை அந்நாட்டு முதல்நிலை அணிகளின் ஆட்ட முடிவுகளை எடுத்துக்கொண்டார். தொடர்ந்து தோற்றுப் பயிற்சியாளரை நீக்கிய அணிகளை ஒரு புறம் வைத்தார். அதே அளவு தோற்றும் நீக்காமல் விட்ட அணிகளை மறு புறம் வைத்தார். நீக்கிய அணிகள் பின்னர் முன்னேறின, உண்மை. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறின.

இது எவ்வாறு? நம் தேர்வுகளை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக 60 மதிப்பெண் பெறும் மாணவன் ஒரு தேர்வில், உடல் நலக்குறைவாலோ படிக்காத பகுதியிலிருந்து கேள்வி வந்ததாலோ, 35 பெறுகிறான் என்று கொள்வோம். அடுத்த தேர்வில் அவன் 58 பெறுவான். இடையில் ஆசிரியரை மாற்றியிருந்தால், புதிய ஆசிரியர் வல்லவர் என்போம். மாற்றாவிட்டாலும் 58தான் வந்திருக்கும். மிகத் தாழ்ந்த நிலைக்குப் பின் இயல்பு நிலைக்குத் திரும்புவதை நாம் மாற்றத்தின் பயன் என்று மயங்குகிறோம்.

இதனால் பயிற்சியாளரை மாற்றவே கூடாது என்பது பொருளன்று. தகாதவரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஐந்து ஆட்டங்களின் முடிவு மட்டும் சான்றாகாது. அணி எத்தனை முறை கோலை நெருங்கியது, இளைஞர் எத்தனை பேர் அணியில் நிலைபெற்றனர், தோற்ற ஆட்டத்தில் கற்றது அடுத்த ஆட்டத்தில் தெரிகிறதா என்பனவற்றையும் சேர்த்து நோக்க வேண்டும்.

தெளிந்த பின் ஐயுறல்

வள்ளுவர் தெரிந்து தெளிதலில் இரண்டு குற்றங்களை ஒருங்கே வைத்துச் சொல்கிறார்: ஆராயாமல் ஒருவனை நம்புவது, ஆராய்ந்து நம்பிய பின் அவனை ஐயுறுவது. இரண்டுமே தீராத துன்பம் தரும் என்பது அவர் முடிவு. நம் கால்பந்து வரலாற்றில் இரண்டிற்கும் சான்று உண்டு. அவற்றைத் தவிர்த்ததற்கும் சான்று உண்டு.

சையத் அப்துல் ரஹீம் ஐதராபாத்துக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் நடத்திய இந்திய அணி 1951இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டே, 1952இல், எல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றது. பத்துக் கோல்! இன்றைய நாளாயின் மறுநாள் காலையே அவர் பெட்டியைக் கட்டியிருப்பார்.

அவர் நீக்கப்படவில்லை. தோல்வியின் காரணம் ஆராயப்பட்டது. குளிர்ந்த களத்தில் நம் ஆட்டக்காரர் பலர் வெறுங்காலுடன் ஆடினர்; அதன் பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், அதே ரஹீமின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. இறுதியாட்டத்தில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. தலையில் காயம்பட்டுத் தையல் போட்டிருந்த பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கை முன்களத்தில் நிறுத்தினார் ரஹீம். அவர் ஒரு கோல் அடித்தார். காய்ச்சலிலிருந்து எழுந்த உயரமான கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜை இறுதியாட்டத்துக்குத் திரும்ப அழைத்தார். புற்றுநோயோடு போராடிய நிலையில் இவற்றைச் செய்த ரஹீம், 1963 ஜூன் 11ஆம் நாள் மறைந்தார்.

ரஹீம் நம்மவர் என்பதால் வென்றார் என்று சொல்லிவிடுவது எளிது. அவர் 1952இல் தோற்றபோதும் நம்மவராகத்தான் இருந்தார். தோல்விக்கும் தங்கத்திற்கும் இடையில் அவருக்குப் பத்தாண்டுக் காலம் தரப்பட்டது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

மீண்டும் ஸ்கெலட்டனில்

2025 ஆகஸ்டு 1ஆம் நாள் காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். அன்று எங்கள் ஊரில் ஒரு கட்சி லட்டு வாங்கிப் பங்கிட்டது. ஆகஸ்டு 29இல் இந்தியா தஜிகிஸ்தானை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்றது. செப்டம்பர் 8இல் ஓமானைப் பெனால்டி உதைகளில் வென்று மூன்றாம் இடம் பெற்றது. "பார்த்தாயா!" என்று எனக்குச் செய்தி அனுப்பாதவர் இல்லை.

அக்டோபர் 14இல் மார்காவோவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று இந்தியா தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பு அத்துடன் போயிற்று. நவம்பர் 18இல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 22 ஆண்டுகளில் அந்நாட்டிடம் இந்தியா தோற்றது அதுவே முதல் முறை. அதன் பின் ஊருக்குச் சென்றேன். லட்டுப் பங்கிட்டவர்களுள் ஒருவரே, "நம்ம ஆளால் ஆகாது என்று நான் அப்போதே சொன்னேனே" என்றார். அவர் அப்போது சொன்னது வேறு என்பதை எல்லாரும் அறிவோம். ஆனால் எவரும் திருத்தவில்லை.

திருத்தாமல் விட்டது எனக்கு உறுத்தியது. காரணம் என் அண்ணன். முட்டுக் கொடுப்பதைப் பற்றிக் கேட்டானே, அவன்தான். பகலில் பெங்களூரில் வேலை. ஞாயிறு காலையில் எங்கள் பகுதிச் சிறுவர் இருபது பேருக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கிறான். பயிற்சியாளர் உரிமத்தின் முதற் படியாகிய டி நிலைத் தேர்வுக்குப் பணம் சேர்த்துவந்தான். அதன் மேல் சி, பி, ஏ, புரோ என்று படிகள் உண்டு. ஜமீல் கடைசிப் படி வரை ஏறியவர். அன்று இரவு வீடு திரும்பும்போது அண்ணன் கேட்டான்: "அவ்வளவு படி ஏறினவருக்கே மூன்று மாதம்தான் பொறுமை என்றால், லைன் வீட்டில் பிறந்த நான் எதற்கடா முதல் படி ஏற வேண்டும்?"

என்னிடம் உடனே விடை இல்லை. நடந்துகொண்டே யோசித்துச் சொன்னேன்: "அண்ணே, அந்த நான்கு ஆட்டத்தில் தோற்றது உண்மை. அவர் தேர்வில் பிழை இருந்தால் அதையும் பேசலாம். ஆனால் 'நம்ம ஆள்' என்று லட்டுக் கொடுத்ததும் பிழை, 'நம்ம ஆள்' என்று கையை விரித்ததும் பிழை. இரண்டு நாளும் நாம் அவர் வேலையைப் பார்க்கவே இல்லை." அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல் ஆறு மணிக்கே திடலுக்குச் சென்றான் என்று சித்தி தொலைபேசியில் சொன்னார்.

நண்பர்களே, பாடத்தைச் சுருக்கிக் கூறுகிறேன். ஒருவரைப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் வாதத்தில் நீங்கள் ஈடுபட நேர்ந்தால், ஐந்து கேள்விகளை இவ்வரிசையிலேயே கேளுங்கள்.

1. செய்ய வேண்டிய வினை யாது? அதற்கு உள்ள காலம் எவ்வளவு?

2. அவர் கையில் நாம் தரும் கருவி யாது?

3. இத்தகைய கருவியைக் கொண்டு இத்தகைய வினையை அவர் முன்பு முடித்தது உண்டா?

4. அவரைப் பற்றி நாம் அறிந்தது வேலையிலிருந்து அறிந்ததா, பெயரிலிருந்து அறிந்ததா?

5. தேர்ந்த பின் எவ்வளவு காலம் பொறுப்போம். எதைக் கண்டு மதிப்பிடுவோம்? இதைத் தேர்வதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறோமா?

ஐந்தாம் கேள்வியை எங்கள் தேநீர்க் கடையில் அந்த நான்கு மாலைகளிலும் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வரும் திங்களில் நம் மன்றத்திற்குச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். அன்றேனும் கேட்போம்.